ஆழம் பூஜ்யத்தைவிடப் பெரியது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை, பிறர் எழுதியதைத் தட்டச்சு செய்கிறவள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு எதிரே இருக்கும் டி.டி.பி. கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறேன். படிப்பு பிளஸ் டூ. அதிலும் கணக்கில் எப்படித் தேறினேன் என்பது எனக்கே தெரியாது. இந்தப் பத்திரிகைக்கு இதழ்தோறும் பக்கம் போட்டுக் கொடுப்பது நான்தான். இந்த முறை வர வேண்டிய கட்டுரை ஒன்று வரவில்லை. ஆசிரியரிடம் போனில் சொன்னபோது, "நீங்க அந்தக் கணக்கு டீச்சரைப் பத்தி அடிக்கடி சொல்லுவீங்களே, அதையே அடிச்சு நிரப்புங்க" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் துணிந்துவிட்டேன். பெரிய எழுத்தாளர்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவே இது வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரின் பெயரைப் போடவில்லை. அவருக்குப் பிடிக்காது.

தெரிந்ததுதானே என்று எதையும் விட்டுவிடாமல் மேலேயே எழுதிவிட வேண்டும் என்ற பழக்கம் அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது. ஆகவே மேலேயே எழுதிவிடுகிறேன். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

கல்லூரியில் வேலை பார்த்தாலும் எங்களுக்கு அவர் டீச்சர்தான். நல்ல உயரம். வெயிலிலும் மழையிலும் ஒரே கறுப்புக் குடை. வாயைத் திறந்தால் கடற்கரைப் பேச்சு, பாதி பாட்டு மாதிரி இருக்கும். அப்பா வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பெண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் நல்லவங்கதான். அம்மை வச்ச மீன்கறிதான் தீந்து போச்சு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

அவர் இருந்தது சுயநிதிக் கல்லூரி. டாக்டர் பட்டம் இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதனால் ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் ஆய்வு மாணவி ஆனார். ஆழம் குறைந்த கடலில் அலை எப்படி வருகிறது என்பதுதான் ஆய்வு. "கரையில குத்த வச்சுப் பாத்தாலே தெரியும் மக்கா. அதை எழுத்தில சொல்லணுமாம், அவ்வளவுதான்" என்பார். வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போன பிறகு, கல்லூரி விட்டதும் எங்கள் கடைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டு, தன் மென்பொருளையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

கணக்கு மென்பொருள் என்றதும் எண்களைக் கூட்டிக் கழிக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். இது வேறு மாதிரி. எக்ஸ், ஹெச் என்று எழுத்துகளாகக் கொடுத்தால் எழுத்துகளாகவே விடை தரும். அடைப்புக்குறியைப் பிரி என்றால் பிரிக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானதை வெளியே எடு என்றால் எடுக்கும். ஹெச்சை வைத்துக் கட்டு என்றால், ஹெச் வரும் உறுப்புகளை எல்லாம் பொறுக்கி ஒரே கட்டாகக் கட்டித் தரும். நான் தோவாளைக்காரி. காலையில் பூ மூட்டைகளோடு பஸ்ஸில் வருகிறவள். பிச்சியைத் தனியாக, அரளியைத் தனியாகப் பிரித்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்ததால் அது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கணக்கு பிடிபட்டது என்று சொல்லவில்லை, கட்டுவது பிடிபட்டது.

ஆனால் அந்த மென்பொருள் தன் இஷ்டத்துக்குத்தான் விடையை அடுக்கும். டீச்சருக்கு அது பொறுக்காது. முதல் நாள் நான் அடித்துக் கொடுத்த பக்கத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்னது மக்கா, வாசல்லயே மைனஸ் நிக்குது?"

"நீங்க குடுத்த தாள்ல அப்படித்தான் இருக்கு டீச்சர். மைனஸ் ஏ பிளஸ் எக்ஸ்."

"தாள்ல இருக்கும். மிஷினுக்கு அகரவரிசைதான் தெரியும். ஏ முன்னால, எக்ஸ் பொறவு. ஒரு வீட்டுக்குப் போறோம், வாசல்ல நிக்கவன் எடுத்ததுமே இல்லேன்னு சொன்னா நீ உள்ள போவியா? எக்ஸை முன்னால நிறுத்து. மைனஸ் உள்ள வந்து உக்காரட்டும்."

பின்னால் பைண்டிங் மேசையில் இருந்த அண்ணாச்சி, "எப்படி எழுதினாலும் ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்றார்.

"ஒண்ணுதான் அண்ணாச்சி. சட்டையைத் திருப்பிப் போட்டாலும் சட்டைதான். போட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாங்க பாப்போம்."

அண்ணாச்சி அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரிடம் வாய் கொடுக்கவில்லை.

இந்த அடுக்கும் குணம் கணக்கோடு நிற்காது. ஒருமுறை குமாரகோவில் பக்கத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். அழைப்பவர்கள் பட்டியலில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் "தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்" என்று இருந்தது. டீச்சர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்திலயும் ஒரே வரிதானே மக்கா? பொதுவானதை வெளிய எடு. மேல ஒருக்கா போட்டுட்டு, பேரை எல்லாம் அடைப்புக்குள்ள போடு. பாதிப் பத்திரிகை மிச்சம்."

வந்தவர் அதிர்ந்துபோனார். "அதைச் செய்யாதம்மா. எங்க பெரியண்ணன் பேருக்குக் கீழ அந்த வரி தனியா இல்லேன்னா அவரு தாலிகெட்டுக்கே வரமாட்டாரு. பந்திக்கு வந்துட்டுப் போயிருவாரு."

டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அது பொது இல்ல. பாக்கத்தான் ஒண்ணு போல இருக்கு. மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று அவரிடம் முறையாகச் சொன்னார். அவர் போன பிறகும் இரண்டு மூன்று முறை, "பாக்கத்தான் ஒண்ணு போல இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்க வேறாகத் தெரிந்து உண்மையில் ஒன்றாக இருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரே வழிதான். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது. இரண்டு பெரிய சூத்திரங்கள், ஒன்று அரைப் பக்கம், ஒன்று இரண்டு வரி. கண்ணால் பார்த்தால் ஒட்டுறவே இருக்காது. கழிக்கச் சொல்வார். மென்பொருள் ஒரு நொடி யோசித்து, திரையில் பூஜ்யத்தை மட்டும் காட்டும். "பாத்தியா, ஒரே ஆளுதான். ஒருத்தன் வேட்டி கட்டியிருக்கான், ஒருத்தன் பேண்ட் போட்டிருக்கான்" என்பார். எத்தனை தடவை வந்தாலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலரும். சூத்திரத்தைக் கையால் மாற்றி அடுக்கினால் கழித்துப் பார்க்காமல் விடவே மாட்டார்.

இதைக் கோயிலிலும் செய்தார். அவர்கள் பங்குத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பிரசங்கம் முடிந்ததும் பாதிரியாரிடம் போய், "போன வருஷப் பிரசங்கத்தில இருந்து கழிச்சுப் பாத்தேன் ஃபாதர். பூஜ்யம்" என்று சொல்லியிருக்கிறார். ஈஸ்டர் வரைக்கும் டீச்சருக்குப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கொடுக்கவில்லை. அதை எங்களிடம் சொல்லும்போது, "நான் பாராட்டித்தான் சொன்னேன். ரெண்டு வருஷமும் ஒண்ணே சொல்லணும்னா மனசில உறுதி வேணும்லா" என்றார். கேலியா நிஜமா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கும் அதைச் செய்தார். என் நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம், அதில் சண்டை. நான் சாதாரணமாக வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறவள் இல்லை. அன்றைக்குக் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர்தான் விடாமல் கேட்டார். சொல்லி முடித்ததும், "உன் பக்கத்தைச் சொல்லிட்ட. அவ கிட்டக் கேட்டா என்ன சொல்லுவா? அதையும் நீயே சொல்லு" என்றார். சொன்னேன்.

"ரெண்டுலயும் இருக்கதை அடிச்சு விடு. மிச்சம் என்ன நிக்குது?"

யோசித்துப் பார்த்தேன். சமையல், துணி, மாமியாரின் மருந்து, யார் யாரை முறைத்துப் பார்த்தார்கள் என்பது எல்லாமே இருவர் கதையிலும் இருந்தன. அடித்துக்கொண்டே வந்தபோது ஒன்றுதான் மிஞ்சியது. விசேஷத்துக்கு அவள் என்னை வீட்டுக்கு வந்து கூப்பிடவில்லை, போனில் கூப்பிட்டாள்.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்று நானே அவரைக் கேட்டேன்.

"அது சின்ன மிச்சம் இல்ல மக்கா. ஆனா இப்போ எதுக்கு அழுதோம்னு தெரியுதுல்லா?" என்றார்.

அவருக்குப் பட்டம் கிடைத்தது. வேலைதான் போய்விட்டது. ஒரு நாளில் போயிற்று. அந்த மாதமே களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். கொஞ்ச காலம் விடிகாலை பஸ்ஸில் போய்வந்தார், பிறகு அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். இப்போது ஓய்வு பெற்றிருப்பார். இங்கே இத்தனை வருடம் இருந்தவருக்காக ஒரு நாள் பொறுக்க மாட்டார்களா என்று அண்ணாச்சி இன்றும் திட்டுவார். சில நேரம் கல்லூரியை, சில நேரம் டீச்சரை.

அது ஜூன் மாதம், இடவப்பாதி மழை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து, அதற்கான ரசீதைக் கல்லூரியில் காட்ட வேண்டும். காட்டினால் அந்த வருடமும் வேலை உண்டு. இல்லையென்றால் அவர் இடத்துக்கு வேறு ஆள் காத்திருந்தார். எங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. புதன்கிழமையே நான்கு பிரதிகளும் நீல அட்டையில் பொன் எழுத்தோடு பைண்டிங் முடிந்து மேசையில் இருந்தன. அண்ணாச்சி தன் செலவில் ரசவடை வாங்கி வந்தார். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியைப் பிரித்தார். கடைசி அத்தியாயம்.

அதில் ஒரு சூத்திரம். ஜி என்பது புவியீர்ப்பு, ஹெச் என்பது கடலின் ஆழம். இரண்டும் ஒரே வர்க்கமூலக் குறிக்கு அடியில் இருந்தன. அந்தக் குறி கூரை மாதிரி இருக்கும். பிழை திருத்தும்போது டீச்சர் அந்தக் கூரையை இரண்டாக்கி, ஜிக்குத் தனியாக, ஹெச்சுக்குத் தனியாகப் போட்டிருந்தார். அப்படிச் செய்ததில் ஹெச்சை எல்லாம் ஒரு கட்டாகக் கட்ட முடிந்தது. அரைப் பக்கச் சூத்திரம் இரண்டு வரியில் அடங்கிவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான்தான் அதை அடித்தேன்.

"இதைக் கழிச்சுப் பாக்கல்லியே மக்கா" என்றார்.

"பைண்டு பண்ணியாச்சே டீச்சர்."

"கையால மாத்தினது. என் கையை எனக்குத் தெரியும்."

பழைய வடிவத்திலிருந்து புதிய வடிவத்தைக் கழிக்கச் சொன்னோம். பூஜ்யம் வரவில்லை. திரை நிறைய எழுத்துகள் வந்து நின்றன. பிரி என்றோம், சுருக்கு என்றோம். என்ன சொன்னாலும் மிச்சம் போகவில்லை. அடித்ததில் பிழையோ என்று நான் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். போட்டதில் பிழையோ என்று அவர் ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டால் சரியாகப் பூஜ்யம் வந்தது. ஆழம் நான்கு என்று போட்டார், பூஜ்யம். பத்து, பூஜ்யம். இருபது, பூஜ்யம். எழுத்தாகக் கொடுத்தால் மட்டும் மிச்சம்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டார். அவர், "எண் போட்டா சரியா வருதுல்ல? அப்புறம் என்ன மேடம்? வெள்ளிக்கிழமை கொண்டு வந்து கொடுத்துடுங்க" என்றார். அமைதியான கடை. அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"மிச்சம் நிக்குது சார்" என்றார் டீச்சர். ரசவடை அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை நகரில் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை. டீச்சர் காலையிலேயே கடைக்கு வந்து, "தம்பி வீட்டில கரண்ட் இருக்கு. அவன் மகளுக்குப் பள்ளியில குடுத்த லேப்டாப்பும் இருக்கு, அதிலயும் நம்ம மென்பொருளை ஏத்தி வச்சிருக்கேன். வா மக்கா, மீனும் தின்னலாம்" என்றார். அண்ணாச்சி போகச் சொன்னார்.

தம்பியும் அப்பாவைப் போல வள்ளத்துக்காரர், வீடு கடற்கரையிலேயே. கடலில் அலை அதிகம் என்று அன்று வள்ளம் இறக்கவில்லை. அதனால் அவர் வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீனில் புளிமுளம் குழம்பு வைத்திருந்தார். டீச்சர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"மயினி, கறி ஆறுது. அந்தப் பெட்டியை மூடிட்டுத் தின்னுங்க" என்றார் தம்பி மனைவி.

"தின்னுட்டுத்தான் இருக்கேன்."

"எங்க தின்னீங்க? மரச்சீனியைத் தொட்டு லேப்டாப்பில வைக்கப் போறீங்க."

அக்காவைக் கொஞ்சம் திசை திருப்பலாம் என்று தம்பி நினைத்திருக்க வேண்டும். தன் போனை எடுத்துக் காட்டினார். கடலின் வரைபடம். வள்ளத்துக்காரர்கள் மீன் கிடைக்கும் இடத்தை எல்லாம் இப்போது அதில் குறித்து வைக்கிறார்களாம்.

"அக்கா, இதைப் பாரு. அப்பா கயிறு விட்டுப் பாத்துச் சொல்லுவாருல்லா, பன்னெண்டு பாகம்னு? அந்த இடம்தான். தொட்டா ஆழம் சொல்லும்."

டீச்சர் எட்டிப் பார்த்தார். "இது என்னடே, மைனஸ் இருபத்திரண்டு?"

"மீட்டர் கணக்கு அக்கா, பன்னெண்டு பாகம்னா இருபத்திரண்டு மீட்டர். ரெண்டும் ஒண்ணுதான்."

"அதைக் கேக்கல்ல. ஆழத்துக்கு ஏதுடே மைனஸ்? அப்பா என்னைக்காவது மைனஸ் பன்னெண்டு பாகம்னு சொன்னாரா?"

"அப்பாவுக்குத் தெரியும், அது தண்ணின்னு. இந்தச் சவத்துக்கு என்ன தெரியும்? மேல போனா பிளஸ்ங்கும், கீழ போனா மைனஸ்ங்கும்."

"அதுக்கு யாராவது சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று சண்டைக்குப் போகிற மாதிரி ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். கையில் மரச்சீனித் துண்டு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். "மக்கா, நாம சொன்னோமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய்க் கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ஜி பூஜ்யத்தைவிடப் பெரியது, ஹெச் பூஜ்யத்தைவிடப் பெரியது என்று மென்பொருளுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கழிக்கச் சொன்னார்.

பூஜ்யம்.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. தம்பி குனிந்து திரையைப் பார்த்தார். "இந்த முட்டைக்கா நேத்தையிலிருந்து இந்தப் பாடு? பள்ளிக்கூடத்தில நான் எத்தனை வாங்கியிருக்கேன். ஒருத்தரும் இப்படிச் சந்தோஷப்படல்லியே" என்றார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பிறகுதான் சாப்பிட்டார். மூன்று தடவை கறி வாங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு விளக்கினார். மைனஸ் நான்கையும் மைனஸ் ஒன்பதையும் ஒரே கூரைக்குக் கீழே பெருக்கி வைத்தால் விடை ஆறு. ஆளுக்கொரு கூரை போட்டுவிட்டுப் பெருக்கினால் மைனஸ் ஆறு. அது எப்படி என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கூரையைப் பிரிப்பது எல்லா நேரமும் சரியாகாது, மைனஸ் வராது என்று உறுதி சொன்னால்தான் மென்பொருள் பிரிக்க விடும் என்பது மட்டும் புரிந்தது.

"வகுப்பில வருஷா வருஷம் நானே சொல்லிக் குடுக்கதுதான் மக்கா. ஆனா ஹெச்சைப் பாத்தா எனக்கு எழுத்தாத் தெரியல்ல. தண்ணியாத் தெரிஞ்சுது. எண்ணு போட்டுப் பாத்தப்பவும் பாத்தியா, நாலு, பத்து, இருபது. மைனஸ் நாலுன்னு போடத் தோணவே இல்ல." ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பாவம், அது கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு."

நான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைக்கு வந்ததும் டீச்சர் அண்ணாச்சியிடம், "கடைசி அத்தியாயத்தில எல்லாத்துக்கும் மேல ஒரு வரி சேக்கணும், ஜியும் ஹெச்சும் பூஜ்யத்தைவிடப் பெரிசுன்னு" என்றார்.

"டீச்சர், பைண்டிங் முடிஞ்ச சாதனம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

டீச்சர் மறுபடியும் பேராசிரியருக்குப் போன் போட்டார். கடலின் ஆழம் பூஜ்யத்தைவிடப் பெரியது என்பது உலகத்துக்கே தெரியும், எந்தப் பரிசோதகரும் அதைக் கேட்கப் போவதில்லை என்று அவர் கத்தினார்.

"மிஷின் கேட்டுச்சே சார்" என்றார் டீச்சர்.

அண்ணாச்சிக்கு அவர் வேலையைப் பற்றி எங்கள் எல்லோரையும்விடக் கவலை. "ஒரு சின்னச் சீட்டு அடிச்சு அந்தப் பக்கத்தில ஒட்டிருவோம். யாருக்கும் நட்டம் இல்ல" என்றார். கரண்ட் வந்திருந்தது. நான் அந்த ஒரு வரியைச் சீட்டாக அடித்துக் கொடுத்தேன். டீச்சர் அதை வாங்கி, அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணாச்சி பசையை அவர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் விரலில் பசையைத் தொட்டும்விட்டார். ஒட்டிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஒட்டிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் போய்விட்டால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும் என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது.

"நாளைக்கு எவளாவது ஒருத்தி இந்த அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுக்க வருவா" என்றார் டீச்சர். "சீட்டு விழுந்து போயிருக்கும். என்னை மாதிரியே கழிச்சுப் பாப்பா. மிச்சம் நிக்கும். அவளுக்குத் தம்பி வீடு கடற்கரையில இருக்கணுமே."

டீச்சர் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பிரிச்சிருங்க அண்ணாச்சி."

"மழையைப் பாருங்க டீச்சர். இந்த ஈரத்தில நாளைக்குள்ள பசை காயும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காயாமக் கொண்டு போனா அட்டை கழண்டு கையில வரும். அவனுவ வாங்கமாட்டானுவ."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "டீச்சர், வேலை" என்றேன்.

"தெரியும் மக்கா" என்று என் தோளில் கை வைத்தார். விரலில் பசை இருந்ததை மறந்துவிட்டார். என் சேலையில் ஒட்டிக்கொண்டது. துவைத்தும் அந்த இடம் விறைப்பாகவே இருந்தது. "காஞ்சா போறேன். காயல்லன்னா காஞ்ச பொறவு போறேன்."

அண்ணாச்சி முனகிக்கொண்டே கத்தியை எடுத்து நான்கு அட்டைகளையும் பிரித்தார். நான் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வரியைச் சேர்த்தேன். டீச்சர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரவே அண்ணாச்சி புதிய பக்கத்தை வைத்து நான்குக்கும் மறுபடி பசை போட்டார். பின்னாளில் வாய்மொழித் தேர்வில் அந்த வரியைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். போனில் சொன்னார். குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "கேக்க ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்" என்றார்.

அவர் ஏற்றிய மென்பொருளை நான் அழிக்கவில்லை. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் புதியதிலும் ஏற்றச் சொல்லிவிடுவேன். எதற்கு என்று அண்ணாச்சி கேட்டதில்லை.

அட்டைகளைப் பிரித்த மறுநாள், வெள்ளிக்கிழமை. மழை விடவில்லை. நாலு மணிக்கு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். பைண்டிங் மேசைக்குப் போய் அட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சாயா சொல்லு மக்கா" என்றார். சொன்னேன்.